பீரோவுக்குள் கசியும் வண்ணம்

கெட்டுப்போன புகைப்படம் எதைப் பார்த்தாலும் ‘மங்கிவிட்டது’ என்கிறோம். இங்க்ஜெட் படங்களுக்கு இந்த ஒரு சொல் போதாது. வெளிச்சம் கெடுத்த படம் வெளிறும். ஈரம் கெடுத்த படமோ பெரும்பாலும் கருக்கும். கூந்தலின் இழைகள் ஒன்றாகி வெறும் கறுப்பாகத் தெரியும், வெள்ளை வேட்டியின் ஓரத்தில் பக்கத்து நிறம் கசிந்திருக்கும். ஒரு கீற்று ஒளியும் படாமல் பீரோவில் இருந்த ஆல்பத்திலும் இது நடக்கிறது. ஆகவே சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் வெயிலுக்கு அஞ்சுவதைவிட ஈரக்காற்றுக்கு அஞ்சுவதே சரி என்பேன். வீட்டு பிரிண்டர்களில் பெரும்பாலானவை வண்ணத்துக்குச் சாய மையைப் பயன்படுத்துகின்றன. சாயம் நீரில் கரைந்திருப்பது. தாளின் மேற்பூச்சு காற்றிலிருந்து நீரை உறிஞ்சும்போது சாயம் இளகி நகர்ந்து, புள்ளிகளுக்கு நடுவே இருந்த வெண்மையை மூடுகிறது. நிறமி மையில் வண்ணம் கரையாத நுண்துகளாக இருப்பதால் அது அவ்வளவு எளிதில் இடம்பெயராது.

நல்ல தாள் வாங்கினால் போதாதா என்று கேட்கலாம். எந்த ஊருக்கு நல்ல தாள் என்பதுதான் கேள்வி. ஜெலட்டின் போன்ற பூச்சுள்ள தாள், மை பட்டதும் உப்பிச் சாயத்தைத் தனக்குள் மூடிக்கொள்ளும்; காற்றிலுள்ள ஓசோன் உள்ளே புகாது. வறண்ட ஊரில் இது பெரிய வரம். ஐப்பசி, கார்த்திகையில் காலை ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும் நம் கரையிலோ அதே பூச்சு மறுபடி உப்பிப் பிசுபிசுத்து, சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரித்தால் முகமே உரிந்து வரும். சிலிக்கா அல்லது அலுமினா துகள் பூசிய நுண்துளைத் தாள் ஈரத்தைத் தாங்கும், உடனே உலரும்; ஆனால் துளை வழியே ஓசோன் நுழைந்து முதலில் சயான் எனும் நீலப்பச்சை நிறத்தைத் தின்னும். 2000-இல் எப்சன் ஸ்டைலஸ் ஃபோட்டோ 870, 1270 பிரிண்டர்களில் அச்சான படங்கள் சில வீடுகளில் சீக்கிரமே ஆரஞ்சாக மாறியது இப்படித்தான். ஆகவே நமக்கு நுண்துளைத் தாளும் நிறமி மையும் சேர்ந்து வேண்டும்.

பெட்டியில் நூறாண்டு என்று போட்டிருக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. பொய்யான எண் அல்ல அது. ஆனால் இத்தகைய ஆயுளைச் சோதிக்கும் ஹென்றி வில்ஹெல்மின் ஆய்வகம் சுவரில் மாட்டும் படத்துக்கு ஆயுள் கணிப்பது 24 டிகிரி வெப்பம், 60 சதவீத ஈரப்பதம் என்ற நிலைக்கு. நம் கூடத்துக் காற்று அப்படி இருப்பதில்லை. ஏசியும் முழு விடையல்ல. இரவில் மட்டும் ஓடி நிற்கும் ஏசி, ஈரத்தை ஏற்றி இறக்கித் தாளைச் சுருட்டும். காலையில் ஜன்னலைத் திறந்ததும் குளிர்ந்த கண்ணாடியில் நீர் கோக்கும். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே மவுண்ட் அட்டை வைப்பதும், ஆல்பத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து அந்த ஜெல்லை அவ்வப்போது மாற்றுவதும் அதிகச் செலவில்லாத காவல். மறைந்த தாய் தந்தையரின் படத்தைப் பெரிதாக்கித் தரும் ஸ்டுடியோக்கள், அது சாய மையா நிறமி மையா என்பதை ரசீதிலேயே எழுதித் தரவேண்டும்.