அவனா வரட்டும்!

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியை நீங்கள் பலமுறை கடந்திருப்பீர்கள். இறங்கியிருக்க மாட்டீர்கள். திருவேற்காடு கருமாரியம்மனைப் பார்க்கப் போகிறவர்கள் இங்கே திரும்புவார்கள். பல் வலிக்காரர்கள் பல் மருத்துவக் கல்லூரி வாசலில் இறங்குவார்கள். மற்றவர்களுக்கு இது பெங்களூரு பஸ்ஸின் ஜன்னலில் வந்து போகிற ஒரு பெயர்ப்பலகை, அவ்வளவுதான். சாவடி என்றால் வழிப்போக்கர்கள் இளைப்பாறும் இடம் என்று அர்த்தம். இன்று இந்தச் சாலையில் யாருக்கும் இளைப்பாற நேரமில்லை!

சில மாதங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இறங்கினேன். கூப்பிட்டது என் நண்பன். என்னோடு பி.காம். படித்தவன். மூன்று வருடமும் ஒரே பெஞ்ச். அக்கவுன்டன்சி பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி, பேலன்ஸ் ஷீட் டாலி ஆகாமல் ரெண்டு பேரும் விடியும்வரை முழித்த கதையெல்லாம் உண்டு.

‘‘மச்சி... எங்க சபைல நான்தான் பொருளாளர். வருஷக் கணக்கை எல்லார் முன்னாடியும் படிக்கணும். ஒரு தடவை நீ பாத்துக் குடுத்துட்டா தைரியமா இருக்கும்டா!’’

‘‘நானா? நான் கணக்கை விட்டு இருபது வருஷம் ஆச்சே!’’

‘‘பரவால்ல... வா!’’

அது ஒரு சின்ன பாப்டிஸ்ட் சபை. கோபுரம் கிடையாது, மணி கிடையாது. தகரக் கூரை போட்ட நீளமான ஹால். பிளாஸ்டிக் நாற்காலிகள், நாலு ஃபேன், ஒரு கீபோர்டு. எதிர் வரிசையில் ஒரு அம்மன் கோயில். ஆடி மாதம் வந்தால் அங்கே கூழ் வார்க்கிற மைக்கும் இங்கே பாட்டுப் பாடுகிற மைக்கும் ஒன்றையொன்று துரத்தும் என்றான் நண்பன். ‘‘அதுக்காக சண்டை வந்ததில்ல. அவங்க கூழைக் குடிச்சுட்டுத்தான் நம்ம ஆளுங்க பாதிப் பேர் வீட்டுக்குப் போவாங்க!’’ என்று சிரித்தான்.

வந்திருந்தவர்கள் அறுபது பேர் இருப்பார்கள். ஆட்டோ ஓட்டுகிறவர், பள்ளிக்கூட டீச்சர், வீட்டு வேலை செய்யும் அம்மாக்கள், அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். பின் வரிசையில் நாலைந்து வடகிழக்குப் பிள்ளைகள். ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக வேலை பார்க்கிறவர்கள். நாகாலாந்திலிருந்து வந்தவர்களாம். அங்கே 1872-ல் இ.டபிள்யூ.கிளார்க் என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி தொடங்கிய வேலை, இன்று அந்த மாநிலத்தின் பெரும்பான்மை மக்களை பாப்டிஸ்ட்களாக ஆக்கியிருக்கிறது. தமிழில் பிரசங்கம் பாதி புரியாவிட்டாலும், ‘எங்க வீடு மாதிரி இருக்கு’ என்று வருகிறார்களாம்.

ஆராதனை முடிந்ததும் கணக்குக் கூட்டம். நம்ப மாட்டீர்கள், அப்படி ஒரு கூட்டத்தை நான் எந்த கம்பெனி பொதுக்குழுவிலும் பார்த்ததில்லை. பாப்டிஸ்ட் சபைகளுக்கு மேலே பிஷப் கிடையாது. ஒவ்வொரு சபையும் தன் காலில்தான் நிற்க வேண்டும். பாஸ்டரைத் தேர்ந்தெடுப்பதும் செலவை முடிவு செய்வதும் உறுப்பினர்கள்தான். ஆளுக்கு ஒரு ஓட்டு. நண்பன் கணக்கைப் படிக்கப் படிக்க, மூணு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் ஒரு அம்மா கையைத் தூக்கினார்.

‘‘மைக் ரிப்பேருக்கு ஏன் ரெண்டு தபா காசு குடுத்துக்கிறீங்க?’’

நண்பன் வியர்த்துப் போனான். பில்லைத் தேடி எடுத்துக் காட்டிய பிறகுதான் அந்த அம்மா உட்கார்ந்தார். பாஸ்டர் வாயே திறக்கவில்லை. எனக்கு எழுந்து கை தட்ட வேண்டும்போல இருந்தது.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதற்கு நான் தேவையே இல்லை. அவன் என்னைக் கூப்பிட்டது வேறு விஷயத்துக்காக. டீக்கடைக்கு அழைத்துப் போய்த்தான் சொன்னான்.

‘‘பையனுக்கு பத்தொம்பது வயசு ஆயிடுச்சுடா. ஞானஸ்நானம் எடுக்க மாட்டேங்கறான். அடுத்த மாசம் அஞ்சு பேர் எடுக்கறாங்க. அவன் வயசுப் பசங்க. பொருளாளர் பையன் எடுக்கலைனா என்னடா நினைப்பாங்க? நீ ஒரு வார்த்தை சொல்லு. எழுதறவங்கன்னா அவனுக்கு ஒரு மரியாதை.’’

இங்கே உங்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். பாப்டிஸ்ட்கள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. விவரம் தெரிந்து, தானே விரும்பிக் கேட்டால்தான் உண்டு. தலையில் தண்ணீர் தெளிப்பது அல்ல. ஆளையே முழுக்கி எடுப்பது. அந்த ஹாலில்கூட மேடைப் பலகைகளைத் தூக்கினால் கீழே ஒரு சிமென்ட் தொட்டி இருக்கிறது. அப்பா, அம்மா விசுவாசி என்பதால் பிள்ளை தானாக உறுப்பினர் ஆகிவிட முடியாது. சொத்து மாதிரி, ஜாதி மாதிரி, நம்பிக்கை வாரிசுக்கு வராது.

இது சும்மா வந்த வழக்கம் இல்லை. இதற்காகச் செத்திருக்கிறார்கள். 1612-ல் தாமஸ் ஹெல்விஸ் என்பவர் லண்டனில், ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் இங்கிலாந்தின் முதல் பாப்டிஸ்ட் சபையைத் தொடங்கினார். ராஜா என்ன மதமோ, அதுதான் குடிமக்களின் மதம் என்றிருந்த காலம். ஹெல்விஸ் ஒரு புத்தகம் எழுதி, ராஜா முதலாம் ஜேம்ஸுக்கே அனுப்பிவைத்தார். மனிதனின் ஆன்மாமீது ராஜாவுக்கு அதிகாரம் கிடையாது. யூதரோ முஸ்லிமோ, யாராக இருந்தாலும் நம்பிக்கைக்காகத் தண்டிக்க அரசுக்கு உரிமை இல்லை என்பதுதான் சாராம்சம். பரிசாகக் கிடைத்தது நியூகேட் சிறை. வெளியே வரவே இல்லை. 1616 வாக்கில் இறந்துபோனார். நம் அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரம் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறதே, அதற்கு உலகத்தில் யார் யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள்.

என் நண்பனும் ஒரு விலை கொடுத்தவன்தான்.

2002. டிகிரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த நேரம். அந்த அக்டோபரில் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் வந்தது. (2004 மே மாதம் அதை விலக்கிக்கொண்டார்கள்.) ஊரெல்லாம் அதே பேச்சு. சரியாக அப்போதுதான் இவன் வீட்டில் போய், ‘நான் ஞானஸ்நானம் எடுக்கப்போறேன்’ என்றான். அவன் அப்பா கேட்ட முதல் கேள்வி, ‘‘எவ்வளவு குடுத்தாங்க?’’

நாலு வருடம் அவர் மகனோடு பேசவில்லை. பேரன் பிறந்த பிறகுதான் வாசலுக்கு வந்தார்.

அவர் கேட்டதுகூடப் பரவாயில்லை. பழைய மனிதர். அதே கேள்வியை, அதே வாரம், டீக்கடையில் நாலு பேர் முன்னால் நானும் கேட்டேன். ‘‘மச்சி, எவ்ளோ தேறும்?’’ எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

அந்தக் கேள்வியில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மருந்தும் அரிசியும் கொடுத்து ஆள் சேர்க்கிறார்கள் என்ற சந்தேகம் நாட்டில் ரொம்பப் பழசு. மதம் மாற்றும் நோக்கம் உள்ளே இருந்தால் அந்தச் சேவை களங்கப்பட்டதுதான் என்று காந்தியே உறுதியாகச் சொல்லிவந்தார். என் பி.காம். மூளையும் பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் என்றுதான் யோசித்தது. கொல்லிமலை போய் வந்த பிறகு, அந்தக் கணக்கு எனக்குக் கொஞ்சம் இடித்தது.

எழுபது கொண்டை ஊசி வளைவுகள் தாண்டி இன்று பஸ்ஸில் போகிறோமே, அந்த மலைக்கு ரோடே இல்லாத காலத்தில், 1913-ல், கல்யாணம் ஆன கையோடு ஒரு ஆங்கிலேய ஜோடி ஏறியது. ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட். அனுப்பிவைத்தது லண்டனின் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன். ஜெஸ்ஸி கட்டட வேலை தெரிந்தவர். கொஞ்சம் வைத்தியமும் படித்திருந்தார்.

மலையில் நரம்புச் சிலந்தி வாட்டிக்கொண்டிருந்தது. காலில் கொப்புளம் வெடித்து, முழ நீளத்துக்குப் புழு வெளியே வரும். குச்சியில் சுற்றிச் சுற்றி, நாள் கணக்கில் பொறுமையாக உருவ வேண்டும். அறுந்தால் ஆபத்து. ஜெஸ்ஸி உருவி எடுத்ததோடு நிற்கவில்லை. புண்ணோடு ஜனங்கள் கிணற்றுக்குள் இறங்குவதால்தான் தண்ணீரில் நோய் பரவுகிறது. அதே தண்ணீரைக் குடிப்பவருக்குத் திரும்ப வருகிறது. அதனால் யாரும் உள்ளே இறங்க முடியாதபடி கல் சுவர் எழுப்பிக் கிணறுகள் கட்டினார். (இந்தியா முழுக்க அந்த நோய் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது 2000-ல்தான்!)

இவ்வளவு செய்தும், வருடங்கள் ஓடியும், மதம் மாற ஆள் வரவில்லை. மலைக்கோயில் பூசாரி கடுமையாக எதிர்த்தார். பிறகு, முதல் உலகப் போர் முடிகிற நேரத்தில் உலகத்தையே வாரிக்கொண்டு போன இன்ஃப்ளூயன்சா மலைக்கும் வந்தது. நோய் கண்ட வீடுகளிலிருந்து சொந்தக்காரர்களே ஓடினார்கள். பிராண்ட் தம்பதி கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். எதிர்த்த பூசாரிக்கும் அவர் மனைவிக்கும்கூட. ரெண்டு பேருமே பிழைக்கவில்லை. சாகும் முன் தன் கைக்குழந்தையை இவர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார் பூசாரி. அதன் பிறகுதான் மலையில் ஒரு சபை உருவாகத் தொடங்கியது.

1929-ல் ஜெஸ்ஸி காய்ச்சலில் அங்கேயே இறந்தார். ஈவ்லின் தன் வேலையைக் கைவிடவில்லை. வயதானதும் மிஷன் ஓய்வு கொடுத்தது. ‘சரி, மிஷனிலிருந்து ஓய்வு’ என்று அதை வாங்கிக்கொண்டு, சொந்தப் பொறுப்பில் மலையிலேயே தங்கிவிட்டார். விழுந்து எலும்பு முறிந்த பிறகும் மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். 1974-ல் இறக்கும்போது வயது தொண்ணூற்றைந்து. கொல்லிமலையில் வளர்ந்த அவர் மகன்தான் டாக்டர் பால் பிராண்ட். வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியவர்.

அவர்களுக்கு மதம் பரப்பும் நோக்கம் இருந்ததா? இருந்தது. அதை மறைத்ததே இல்லை. ஆனால், யாரும் மாறாத வருடங்களிலும் புழுவை உருவிக்கொண்டுதான் இருந்தார்கள். எதிர்த்தவன் வீட்டுக்கும் கஞ்சி போனது. லஞ்சம் என்று எழுதலாம் என்றால், பெற்றுக்கொண்டவர்கள் பதிலுக்கு எதுவும் தரவில்லையே! எந்தத் தலைப்பில் இதைப் பற்று எழுதுவது?

சரி, பையனிடம் வருவோம். ஹாலுக்குப் பின்னால் மோட்டார் ரூம் பக்கம் அவனைப் பிடித்தேன். நல்ல உயரம், அப்பாவின் அதே மூக்கு.

‘‘கடவுள் நம்பிக்கை இல்லையாப்பா?’’

‘‘அப்படியெல்லாம் இல்ல அங்கிள். தெரியல. சில நாள் இருக்கு, சில நாள் இல்ல. பாட்டுன்னா பிடிக்கும். இந்த ஜனங்களைப் பிடிக்கும்.’’ கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்... ‘‘அப்பா தாத்தாவை எதிர்த்து முடிவெடுத்தார். ‘நானா எடுத்த முடிவு’ன்னு நூறு தடவை சொல்லியிருக்கார். நான் இப்ப தொட்டியில இறங்கினா, அது அப்பா எடுத்த முடிவுதானே? அது எப்படி அங்கிள் செல்லும்?’’

என்னிடம் பதில் இல்லை. ஹெல்விஸிடமும் இருந்திருக்காது. ஹெல்விஸ் சொன்னதைத்தான் அவன் சொல்லிக்கொண்டிருந்தான்!

நண்பனிடம் திரும்பி வந்தேன். ‘‘என்னடா சொன்னான்?’’ என்றான் பதற்றமாக.

‘‘உன்னை மாதிரியே பேசறான்டா. 2002-ல நீ பேசினியே, அதே மாதிரி.’’

ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவனே சொன்னான். ‘‘பாஸ்டரும் இதையேதான் சொன்னார். ‘அவனா வரட்டும் பிரதர், இல்லேன்னா வெறும் குளியல்தான்’னு. எனக்குத்தான் மனசு கேக்கல. எங்கப்பாவுக்கும் அன்னிக்கு இப்படித்தான் இருந்திருக்கும், இல்ல?’’

அப்போதுதான் நானும் கேட்டேன். ‘‘டேய்... அன்னிக்கு டீக்கடைல நான் ஒண்ணு கேட்டேனே...’’

‘‘ஞாபகம் இருக்கு.’’

‘‘தப்புடா.’’

‘‘நாலு பேர் முன்னாடி கேட்டே. இப்ப தனியா வந்து தப்புங்கறே’’ என்றான். சிரித்தபடிதான் சொன்னான். ஆனால், சொல்லிவிட்டான்.

அடுத்த மாதம் ஞானஸ்நான ஆராதனைக்குப் போயிருந்தேன். மேடைப் பலகைகளை எடுத்து அடுக்கியது நண்பனின் பையன்தான். டேங்கர் லாரிக்காரரிடம் பேரம் பேசி, ஓஸ் பிடித்துத் தொட்டியை நிரப்பியதும் அவன்தான். அஞ்சு பேர் ஒவ்வொருவராக இறங்கினார்கள். மைக் ரிப்பேர் கேள்வி கேட்ட அம்மாவின் மகளும் அதில் ஒருத்தி. முழுகி எழுந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்டப் படியேறி வந்தவர்களுக்கு மேல் படியில் நின்று ஆளுக்கொரு துண்டை நீட்டினான் பையன். அவன் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. தொட்டியில் மட்டும் இறங்கவில்லை.

நண்பன் பக்கத்தில் நின்று பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கம் திருப்பவே இல்லை. கண் புத்தகத்தில் இல்லை, துண்டு நீட்டுகிற கையில் இருந்தது.

நான் இதை எழுதியதற்குக் காரணம் கேட்டால் ஒன்றே ஒன்றுதான். நாலு பேர் முன்னால் கேட்ட கேள்விக்கு, நாலு பேர் முன்னால்தானே மன்னிப்புக் கேட்க வேண்டும்? இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களை அந்த நாலு பேராக வைத்துக்கொள்கிறேன்.