தோணி வழி

கம்ப்யூட்டரின் ஆப்டிகல் போர்ட்டில் சத்தம் வரவில்லை என்றதும் மதர்போர்டையே மாற்றக் கிளம்பும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். அவசரம் எதற்கு? கேபிளின் ஒரு முனையைப் போர்ட்டில் செருகி, பாட்டை ஓடவிட்டு, மறுமுனையை வெள்ளைத் தாளுக்கு நேரே பிடியுங்கள். சிவப்புப் புள்ளி விழுந்தால் போர்ட் உயிரோடுதான் இருக்கிறது. கோளாறை ஆம்ப்ளிஃபயர் பக்கம் தேடுங்கள். விழவில்லையா, சவுண்ட் செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்புட் தேர்வாகியிருக்கிறதா பாருங்கள், வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். புதுக் கேபிளின் நுனி மூடியைக் கழற்றாமலே அழுத்திச் செருகுகிறவர்களும் உண்டு!

தோஷிபா 1983இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. ஒலி ஒளியாக மாறி, ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் இழைக்குள் ஓடுகிறது. 2006இல் எங்கள் தூத்துக்குடிக்கும் இலங்கையின் மவுண்ட் லவினியாவுக்கும் இடையே கடலடியில் போட்ட கேபிளிலும் ஒளிதான் ஓடியது. அது கண்ணாடி இழை. ஆப்டிகல் கேபிளில் செம்பு இல்லாததால் இழையை உப்புக்காற்று அரிக்காது, எர்த் இரைச்சலும் வராது. ஆனால் போர்ட்டுக்குள் இருக்கும் எல்இடியின் கால்கள் உலோகம்தானே? தூத்துக்குடியில் உலோகம் படும் பாட்டை உப்பளக்காரரிடம் கேளுங்கள்.

போர்ட் அரித்துப் போயிருந்தாலும், சால்டரிங் தெரிந்தவர் கிடைத்தால் அந்தச் சின்னப் பாகத்தை மட்டும் மாற்றலாம். இல்லையென்றால் எச்டிஎம்ஐ இருக்கிறது, யூஎஸ்பி சவுண்ட் கார்டு இருக்கிறது, ஒன்றுமில்லாவிட்டால் ஹெட்போன் துளையிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு சாதாரண ஒயர்.

இதைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள், சுற்றுவழி மட்டமாம். தூத்துக்குடிக்காரன் அப்படிச் சொல்லலாமா? பழைய துறைமுகத்தில் ஆழமில்லை. கப்பல்கள் சில மைல் தள்ளியே நங்கூரம் போட்டன. தோணிகள் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கின. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய காலத்திலும் அதுதான் நடைமுறை. கப்பல் கரைக்கு வரட்டும் என்று காத்திருந்தால் ஊர் பட்டினி கிடந்திருக்கும். ஆழ்கடல் துறைமுகம் கட்டி, 1974இல் பெருந்துறைமுகமாக அறிவித்த பிறகும் தோணிக்கு வேலை போகவில்லை. காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போனது.

எச்டிஎம்ஐ விஷயத்தில் சுற்றுவழிதான் பெரிய வழி. ஆப்டிகலில் ஸ்டீரியோ போகும், மிஞ்சினால் சுருக்கிய 5.1, எச்டிஎம்ஐ சுருக்காத பல சேனல் ஒலியையே தாங்கும். யூஎஸ்பி கார்டு வாங்குகிறவர்கள் மட்டும் பெட்டியைத் திருப்பிப் படியுங்கள். ஆப்டிகல் 'இன்' மட்டும் உள்ள டப்பாவும் பார்வைக்கு அதேபோல்தான் இருக்கும். உங்களுக்கு வேண்டியது 'அவுட்'.