நான்காவது கூறு

வைகாசி முடியும் தறுவாயில், வழக்கமாக ஜூன் 12 அன்று, மேட்டூர் அணை திறக்கப்படுகிறது. ஏறத்தாழ அதே நாட்களில் பள்ளிக்கூடங்களும் திறக்கின்றன. கல்லணையைத் தாண்டி வந்த புதுநீர் வெண்ணாற்றில் நுரைத்து ஓட, அதன் கரையில் பிள்ளைகள் புதுப் புத்தகங்களோடு பள்ளிக்குப் போகும் காட்சி நம் தஞ்சைத் தரணிக்கே உரியது. அப்படிப் போகும் பிள்ளைகளுள் புத்தகப் பையில் ஊசியும் மருந்தும் கொண்டு போகிறவர்களும் உண்டு. அவர்களைப் பற்றியதே இக்கட்டுரை. நானும் அவர்களுள் ஒருத்தி.

வள்ளுவப் பெருந்தகை ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறார். நோயுற்றவர், நோய் தீர்க்கும் மருத்துவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர் என்பவையே அந்நான்கு. முதல் மூன்றும் நமக்கு எளிதில் விளங்குகின்றன. நான்காமவரைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை நீரிழிவு உள்ள ஒரு பிள்ளையின் அருகில் தாயும் இல்லை, மருத்துவரும் இல்லை. அந்த ஏழு மணி நேரத்திற்கு நான்காமவர் யார்? எண்ணிப் பார்க்க வேண்டிய வினா அன்றோ இது!

‘சர்க்கரை’ என்றதும் நம் நினைவுக்கு வருபவர் வீட்டுத் தாத்தாதான். மாத்திரை விழுங்கிவிட்டு, யாருக்கும் தெரியாமல் ஒரு லட்டை வாயில் போட்டுக்கொள்ளும் தாத்தா! பிள்ளைகளைப் பற்றும் முதல் வகை நீரிழிவு வேறு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே திசைமாறிக் கணையத்திலுள்ள இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. இனிப்பு தின்றதால் வருவதன்று, தொட்டால் ஒட்டுவதுமன்று. மாத்திரையால் தீராது. நாள்தோறும் ஊசி வழியே இன்சுலின் ஏற்றியே ஆக வேண்டும்.

நம் ஊர் வழக்கில் சொன்னால் இது எளிதில் புரியும். இரத்தம் ஒரு வாய்க்கால்; அதில் ஓடும் சர்க்கரை தண்ணீர்; உடலின் செல்கள் வயல்; இன்சுலின் மதகைத் திறக்கும் கை. கை இல்லையேல் வாய்க்கால் நிரம்பி வழியும். வயலோ வெடித்துக் கிடக்கும். மிகுந்த நீர் வடிகாலில் போவதுபோல் சர்க்கரை சிறுநீரில் போகும். ‘நீரிழிவு’ என்று பெயர் வைத்தவர்கள் கண்டறிந்துதான் வைத்தார்கள். ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், உண்டும் உடல் மெலிதல் என்பன இதன் முதல் அடையாளங்கள்.

இதற்கு மாறான ஆபத்தும் ஒன்று உண்டு. ஊசி போட்டாயிற்று, சோறு வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மதகு திறந்தே கிடக்க, வாய்க்காலில் நீர் வற்றிவிடும். அப்போது முதலில் தவிப்பது மூளை. கை நடுங்கும், வியர்க்கும், கண் மங்கும், பேச்சுக் குழறும். அந்த நேரத்தில் உயிர் காக்கும் மருந்து சர்க்கரையேதான்!

1922-ஆம் ஆண்டு நம் ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று. அதே ஆண்டு ஜனவரி 11 அன்று கனடாவின் டொராண்டோ நகரில் லியோனார்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. முதல் ஊசி எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. காலிப் என்னும் அறிஞர் மருந்தை மேலும் தூய்மையாக்கித் தர, ஜனவரி 23 முதல் போட்ட ஊசிகளால் சிறுவன் தேறினான். அதற்கு முன்னர் இந்நோய் கண்ட பிள்ளைகளைப் பட்டினி போட்டுச் சில காலம் உயிரோடு வைத்திருந்தார்களே அன்றி, காப்பாற்ற வழியில்லை. இவ்வாராய்ச்சியைத் தொடங்கியபோது பேண்டிங்குக்குத் துணைநின்ற பெஸ்ட், நம்மைப் போல் ஒரு மாணவர், வயது 22. கோடி கோடியாகப் பொருள் ஈட்டியிருக்கக்கூடிய காப்புரிமையை அவர்கள் ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திற்கு எழுதிக் கொடுத்தார்கள். நம் தமிழகத்தில் 1948-இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார்.

ஆக, வள்ளுவர் சொன்னவற்றுள் மருத்துவரும் மருந்தும் வந்து பல்லாண்டுகள் ஆகிவிட்டன. என் கதையில் குறைவாக இருந்தது நான்காவது கூறுதான்.

ஏழாம் வகுப்பில் எனக்கு இந்நோய் கண்டது. தஞ்சையில் ஒரு மருத்துவமனையில் பத்து நாள் இருந்தோம். செவிலியர் ஒருவர் அம்மாவுக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தார். வீட்டில் குளிர்ப்பெட்டி இல்லாததால், மண்பானையில் ஈரமணல் நிரப்பி, அதன் நடுவே மருந்துக் குப்பி நனையாதபடி சிறு டப்பாவில் வைத்துக் காத்தோம். இவை எவையும் பெரிய துன்பமாகத் தோன்றவில்லை. வீடு திரும்பிய அன்று அப்பாயி ஒரு சட்டம் போட்டார்.

“பொட்டப்புள்ளைக்கு ஊசின்னு ஊருல தெரிஞ்சா நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்? பள்ளிக்கூடத்துல மூச்சு விடப்படாது.”

அம்மாவால் மறுத்துப் பேச முடியவில்லை. அப்பாயிக்கு என்மேல் உயிர். ஆவாரம்பூக் கஷாயம் போதும், ஊசியை நிறுத்திவிடலாம் என்று உறவினர் ஒருவர் சொன்னபோது அவரை வாசலோடு அனுப்பியதும் அதே அப்பாயிதான். அவருடைய அச்சம் எங்கள் பகுதியில் பெண்ணைப் பெற்ற பல வீடுகளில் உள்ள அச்சம்.

ஆகவே பள்ளியில் மதிய ஊசியைக் கழிப்பறையில் நின்றபடியே போட்டுக்கொண்டேன். அந்த இன்சுலின் போட்டு அரைமணி நேரத்தில் உண்ண வேண்டும். ஒருநாள் ஊசி போட்டுவிட்டு வந்தால், சமையலறையில் எரிவாயு தீர்ந்து சோறு வேகவில்லை. மணி ஒன்றைத் தாண்டியது. வரிசையில் நின்றிருந்த எனக்குத் தட்டின் விளிம்பு இரண்டாகத் தெரிந்தது. உட்கார்ந்துவிட்டேன். “காலையில சாப்பிடாம வந்திருக்கும்” என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. பதில் சொல்ல நாக்கு எழவில்லை.

என் பெஞ்சுத் தோழி ஒருத்திக்கு மட்டும் விவரம் தெரியும். ஒருநாள் என் பையில் ஊசியைப் பார்த்துவிட்டாள். அவள் சமையலறைக்கு ஓடி, “ஆயாம்மா, சர்க்கரை! சீக்கிரம்!” என்று கத்தினாள். ஆயாம்மா தம் தேநீருக்கென்று முடிந்து வைத்திருந்த சர்க்கரைப் பொட்டலத்தை அப்படியே கொண்டுவந்து தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தார். பத்து நிமிடத்தில் உலகம் மறுபடி ஒன்றாயிற்று.

மறுநாள் அம்மா அப்பாயியிடம், “அத்தை, கலியாணம் அப்புறம். மொதல்ல புள்ள இருக்கணும்” என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கு வந்தார். எங்கள் கணக்கு டீச்சரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதார். டீச்சர் ‘ஐயோ பாவம்’ என்று சொல்லவில்லை. வருகைப் பதிவேட்டைப் புரட்டி, பின் அட்டையின் உட்பக்கத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, “சரிம்மா, நான் என்னென்ன செய்யணும்? ஒண்ணு ரெண்டுன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்” என்றார்.

அந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அன்று அவர் எழுதியவை நான்கே வரிகள். ஒன்று: உணவு நேரம் தவறக்கூடாது. இரண்டு: தண்ணீர் குடிக்கவும் வெளியே போகவும் கேட்டால் உடனே விட வேண்டும். மூன்று: நடுக்கம், வியர்வை, குழப்பம் கண்டால் தாமதியாமல் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையோ குளுக்கோசோ தண்ணீரில் கொடுத்து, 15 நிமிடம் கழித்துப் பார்த்து, தெளியாவிட்டால் மறுபடி கொடுக்க வேண்டும், தனியே அனுப்பக்கூடாது. நான்கு: நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழைக்க வேண்டும்.

அதன்பின் டீச்சரின் மேசை இழுப்பறையில் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் குடியேறிற்று. கழிப்பறைக்குப் பதிலாக ஆய்வுக்கூடத்தின் பின்னறை கிடைத்தது. “சோறு எறக்கியாச்சு, ஊசியப் போட்டுக்க கண்ணு” என்று ஆயாம்மா சொல்லி அனுப்புவார். முதல் தட்டு எனக்கு. கபடியில் என்னை நிறுத்திவைக்கவில்லை. ஆட்டத்திற்கு முன் இரண்டு பிஸ்கட் தின்ன வைத்தார்கள். பள்ளிப் பொங்கல் விழாவில் எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தபோது டீச்சர் என் இலையைத் தாண்டிப் போகவில்லை. “அளவு உனக்குத் தெரியுமில்ல? வாங்கிக்க” என்றார். அன்று நான் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. வகுப்பில் யாரும் என்னை நோயாளி என்று அழைக்கவில்லை. யாரும் என்னை விட்டு விலகி உட்காரவுமில்லை.

இதில் எந்தச் செலவு ஆயிற்று? எந்தக் கட்டடம் எழுந்தது? 1982 ஜூலை 1 அன்று திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியதன் பயனாக இன்று நம் அரசுப் பள்ளிகளில் ஒரு சமையலறையும் பிள்ளைகளின் முகம் அறிந்த ஒரு தாயும் இருக்கிறார்கள். காலை உணவுத் திட்டமும் 2023 ஆகஸ்ட் 25 அன்று நாகை மாவட்டத்துத் திருக்குவளையில் தொடங்கிவைக்கப்பட்ட விரிவாக்கத்தால் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. நேரத்திற்கு உணவு என்பது இந்நோயில் பாதி மருத்துவம். அதற்கான ஆட்கள் ஏற்கெனவே பள்ளியில் இருக்கிறார்கள். அவர்களிடம் நான்கு வரிகளைச் சொல்வதுதான் எஞ்சிய வேலை.

சட்டதிட்டங்களும் மெல்ல வழிவிடுகின்றன. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017-இல் தன் பொதுத்தேர்வு அறைக்குள் நீரிழிவு மாணவர்கள் மிட்டாய், பழம், சிற்றுண்டி, தண்ணீர் கொண்டுபோக இசைவளித்தது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதி, இப்பிள்ளைகள் பள்ளியில் இரத்தச் சர்க்கரை பார்க்கவும் ஊசி போடவும் இடைவேளை உணவு உண்ணவும் இடம் தர வேண்டும் என்று வலியுறுத்தியது. நல்லதே. ஆயினும் சுற்றறிக்கை அலுவலகக் கோப்பில் கிடந்தால் பயனில்லை. அது வகுப்பறையில் ஒரு மனிதராக வந்து நிற்க வேண்டும்.

தோழியரே, தோழர்களே! நம்மில் பலர் பட்டம் பெற்றதும் பி.எட். படித்து ஆசிரியராகப் போகிறோம். திருத்துறைப்பூண்டியிலோ பேராவூரணியிலோ ஒரு பள்ளியில் நீங்கள் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது, ஒரு பிள்ளை மூன்றாம் முறையாகத் தண்ணீர் குடிக்க அனுமதி கேட்கும். முன்பு கொழுகொழுவென்று இருந்தது இப்போது ஏன் மெலிந்தது என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். பெற்றோரிடம் சொல்லி, அன்றே இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். தாமதித்தால், வாந்தியும் பெருமூச்சுமாய்ப் பிள்ளை நினைவிழந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நோய் உறுதியானால் வருகைப் பதிவேட்டின் பின் அட்டையைத் திருப்புங்கள்.

நவம்பர் 14 நேருவின் பிறந்த நாள் என்பதால் நாம் குழந்தைகள் தினம் கொண்டாடுகிறோம். இன்சுலினைக் கண்டறிந்த பேண்டிங் பிறந்ததும் அதே நாளில்தான். உலக நீரிழிவு நாளும் அதுவே. அன்று ஊருக்கு ஒரு பள்ளியிலாவது பத்து நிமிடம் இதைப் பற்றிப் பேச நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் முன்வர வேண்டுமென்று பேராசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன். முதல் ஊருக்கு நானே வருகிறேன்.

இம்மலர் அச்சாகும் முன்பு கட்டுரையை வீட்டில் படித்துக் காட்டினேன். அப்பாயி முழுவதும் கேட்டார். “பேரு போட்டா எழுதியிருக்கே?” என்றார். ஆம் என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி, அந்த ஆயாம்மாவுக்கும் ஒரு பொஸ்தவம் குடுத்துட்டு வா” என்றார்.