விதைக்கு விட்ட காய்

சங்கரன்கோவில் சுற்றுவட்டாரத்து மானாவாரிக் கரிசலில் உளுந்துக்கும் பாசிப்பயற்றுக்கும்தான் மவுசு. அவரைக்கு வேலியும் கூரையும் கிணற்றடிப் பந்தலும் போதும். சந்தைக்கு வராத அந்தக் கொடிகளில்தான் பழைய ரகங்கள் பிழைத்துக் கிடக்கின்றன. அவற்றுக்கு விதை எடுத்து வைக்கிறவர்களைப் பார்க்க, நெற்று காயும் மாசி மாதத்தில் குருவிகுளம் பக்கம் போனேன்.

அங்கே ஓர் அக்கா வீட்டுப் பந்தலில் சில கொத்துகளில் மட்டும் சேலைக் கிழிசல் முடிந்திருந்தது. விதைக்கு விட்டதற்கு அதுதான் அடையாளம். நோய் அண்டாத கொடியாகப் பார்த்து, நன்றாகத் திரண்ட காய்களை விட்டுவைக்கிறார். வீட்டில் யாரும் அவற்றில் கை வைப்பதில்லை.

“நல்லதக் கொழம்புல போட்டுட்டுச் சொத்தைய வெதைக்கு வச்சா, அடுத்த வருசம் என்னத்தக் காய்க்கும் தம்பி?” என்றார்.

முறத்தில் உரித்துப் போட்டிருந்த விதைகள் கறுப்பும் செம்பழுப்புமாகக் கிடந்தன. ஒவ்வொன்றின் விளிம்பிலும் பால்வெள்ளையாக ஒரு தடித்த கோடு. பதம் பார்க்க ஒன்றைக் கடித்தார், ‘டக்’கென்று உடைந்தது. பல் பதிந்தால் இன்னும் காய வேண்டும். பயறு வண்டு காய் கொடியில் இருக்கும்போதே முட்டையிட்டுவிடும். புழு விதைக்குள் இருந்து தின்று வளர்ந்து, பானைக்குள் வண்டாக வெளியே வரும். வெயிலில் காயவைத்துச் சாம்பலில் புரட்டி, வேப்பிலை போட்டு மூடுவது அதற்காகத்தான்.

சங்கரன்கோவில் ஊருக்குள், விசைத்தறி ஓட்டும் ஒருவர் மொட்டைமாடியில் சிறகவரையும் தம்பட்டை அவரையும் வளர்க்கிறார். விதைப் பொட்டலம் ஒவ்வொன்றிலும் ரகத்தின் பெயர், வந்த ஊர், ஊன்றும் மாதம் எழுதியிருக்கிறது.

“மாசத்த விட்டுட்டா வெத இருந்தும் பிரயோசனம் இல்ல அண்ணாச்சி” என்றார்.

பழைய அவரை ரகங்கள் பல, பகல் பொழுது குறுகினால்தான் பூக்கும். சித்திரையில் ஊன்றினால் கொடிதான் மண்டும். ஆடியில் ஊன்றினால் மார்கழி, தையில் காய் பிடிக்கும்.

பத்து விதை வாங்கியவர் மறு வருடம் இருபதாகத் தர வேண்டும் என்பது விதை சேமிக்கும் இவர்களுக்குள் பேச்சு. பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன், திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில் 2006 முதல் நடத்திய நெல் திருவிழாவிலும் இதே முறைதான்: 2 கிலோ விதை நெல் வாங்கியவர், அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தருவார். இந்தக் கொடுக்கல் வாங்கலில் ஒரு காப்பும் இருக்கிறது. இங்கே ஆடு மேய்ந்தாலும் மழை பொய்த்தாலும், அந்த ரகம் வேறொரு வீட்டுப் பந்தலில் இருக்கும். அவரை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்த்தாலும் தேனீ கலந்துவிடுவதுண்டு. அதனால் வீட்டுக்கு ஒரு ரகம் என்று பிரித்து வளர்ப்பது விதையின் சுத்தத்துக்கும் நல்லது.

விதையைச் சேமிக்கவும் பகிரவும் மாற்றிக்கொள்ளவும் 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் உழவருக்கு உரிமை தந்திருக்கிறது. அந்தச் சட்டத்தில் பதிவாகிப் பாதுகாப்புப் பெற்ற ரகத்தின் விதையை வணிகப் பெயரிட்டு விற்கத்தான் தடை. ஆனால் உரிமை ஏட்டில் இருந்தால் மட்டும் ரகம் பிழைக்காது. வருடாவருடம் யாராவது ஊன்ற வேண்டும். டெல்லியில் உள்ள தேசிய மரபணு வங்கி, விதைகளை மைனஸ் 18 டிகிரி குளிரில் காக்கிறது. அது அவசியம்தான். ஆனால் எந்தக் காயை விதைக்கு விடுவது என்கிற அறிவைக் குளிர்பெட்டியில் வைக்க முடியாது. அது பந்தலடியில் நின்று பழக வேண்டியது. உங்கள் ஊர்ப் பாட்டியிடம் விதை வாங்கினால், அதன் பெயரையும் பட்டத்தையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.