பெட்டிப் பலகையில் ஒரு தொட்டில்

பெங்களூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தென்கிழக்கே வந்தால் ஓசூர். குன்றின்மேல் சந்திரசூடேசுவரர் கோயில். கீழே தொழிற்சாலைகளின் இரைச்சல். வெளிநாட்டு இயந்திரங்கள் பைன் மரப் பெட்டிகளில் வந்து இறங்குகின்றன. இயந்திரம் ஆலைக்குள் போகிறது. பெட்டியோ ஆசாரியின் பட்டறைக்கு வந்து சேருகிறது!

நான் போன சமயம் ஒரு பாட்டி, பேரனின் தொட்டிலுக்குப் பலகை பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அது வேணாம்மா" என்றார் ஆசாரி.

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"முத்திரையைப் பாருங்க!"

பூச்சிகள் நாடு விட்டு நாடு பரவாமலிருக்க 2002-ல் சர்வதேச விதி ஒன்று ஏற்பட்டது. அதன்படி 'எச்.டி.' முத்திரை என்றால், பலகையின் நடுப்பாகம் வரை 56 டிகிரி சூடேற்றி 30 நிமிஷம் வைத்த மரம். 'எம்.பி.' என்றால் மெதில் புரோமைடு என்ற நச்சு வாயு காட்டிய மரம். குழந்தை வாய் வைக்கும் தொட்டிலுக்கு அது எதற்கு? ஆகவே, சகோதரிகளே, விலை கேட்குமுன் முத்திரையைத் தேடுங்கள்.

"ஆணி அடிப்பீங்களா?" என்றார் பாட்டி.

"பைன் மெது மரம்மா. ஆட்ட ஆட்ட ஆணித் துளை அகண்டுபோகும்."

உளியால் துளை குடைந்து, கழுந்தை இறக்கி, சட்டத்தைப் பூட்டிக் கொடுத்தார் ஆசாரி. பாட்டி பலங்கொண்ட மட்டும் அசைத்துப் பார்த்தார். 'கிறீச்' என்ற சத்தம்கூட இல்லை!