ஓட்டத் துணைவன்

மனிதனொடு முதன்முதல் நட்புப் பூண்ட விலங்கு நாயே என்பர் ஆராய்ச்சியாளர். ஆடும் மாடும் தொழுவம் புகுவதற்கு முன்னரே நாய் அவன் இருக்கையைக் காவல் புரிந்தது. அவன் வேட்டைக்கு ஓடியபோது தானும் உடன் ஓடிற்று. அந்நட்புக்குச் சான்று நம் நாட்டிலேயே கல்லில் எழுதப்பெற்றுள்ளது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், பல்லவ வேந்தன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில் எடுத்த நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கும் பொருட்டு உயிர் நீத்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்குரிய கல் அது. அவன் உருவத்தோடு நாய் ஒன்றின் உருவமும் அதிற் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்பது அந்நாயின் பெயர் என்றும், கள்வர் இருவரைக் கடித்து அது காத்து நின்றது என்றும் கல்வெட்டுக் கூறுகின்றது. 7-ஆம் நூற்றாண்டுத் தமிழர் ஒரு நாயின் பெயரையும் மறவாது பொறித்தனர்.

இத்தகைய துணைமை பிறவியிலேயே முற்றி வருவதன்று, பழக்கத்தால் வருவது. சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நம் நாட்டு வேட்டைநாய்கள் நீண்ட காலும் ஆழ்ந்த மார்பும் ஒடுங்கிய இடையும் உடையன. முயலைத் துரத்திப் பிடிப்பதற்கென்றே மக்கள் அவற்றைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தனர். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் அவ்வேட்டை நின்றது. நாயின் குருதியில் ஓடும் வேகமோ நிற்கவில்லை. போக்கிடம் காணாத அவ்வேகம் தோட்டத்து மண்ணைத் தோண்டும். செருப்பைக் கடித்துக் குதறும். அயலார் ஆட்டையும் கோழியையும் துரத்தும். வளர்ப்போர் சலிப்புற்று அதனை இரவும் பகலும் சங்கிலியிற் பிணிப்பர்; சிலர் நெடுவழியில் விட்டுத் திரும்புவர். நாளும் அதனை உடன் அழைத்து ஓடும் ஒருவன் வாய்த்தால் அதே நாய் அடங்கி வாழும். ஆயின், அவ்வோட்டத்தைக் கற்பிக்கும் முறை அறிந்து கற்பித்தல் வேண்டும்.

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையே உள்ள மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணரின் திருமடம் அமைந்த ஊர். பார்சுவநாதர் கோயிலால் புகழ் பெற்றது. சமணர் போற்றும் தத்துவார்த்த சூத்திரம் என்னும் நூல், இல்லறத்தார் மேற்கொள்ளும் கொல்லாமை விரதத்துக்கு நேரும் குற்றங்கள் ஐந்து என வகுத்துரைக்கின்றது. பிணித்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகைச்சுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. இளநாயைப் பழக்குவோன் இவ்வைந்தையும் நீக்கினால், பயிற்சியின் பெரும்பகுதி முடிந்தது எனலாம்.

முதலாவது பிணித்தல். நாய்க்கு வார் வேண்டும். ஆனால் அவ்வார் அதன் கழுத்தை இறுக்குதல் ஆகாது. கழுத்துப் பட்டையினும் மார்பைச் சுற்றி அணியும் வார் நன்று. நாய் முன்னே இழுத்தால் பழக்குவோன் அசையாது நிற்றல் வேண்டும். வார் தளர்ந்தவுடன் நடத்தல் வேண்டும். இழுத்தால் வழி அடையும், இணங்கினால் வழி திறக்கும் என்பதனைச் சில கிழமைகளில் அது தானே உணரும். நடையில் இணங்காத நாயை ஓட்டத்துக்கு அழைத்தல் கூடாது. இடையில் அது குறுக்கே பாய்ந்தால் இருவரும் வீழ்வர்.

இரண்டாவது அடித்தல். அடியுண்ட நாய் அடித்த கையை அஞ்சுமேயன்றிக் கற்பித்த பொருளை அறியாது. பிழைத்தபோது அடிப்பதினும், செவ்விதிற் செய்த அந்நொடியிலேயே ஒரு துண்டு உணவும் இன்சொல்லும் ஈதல் பயன் தரும். 'நில்', 'வா', 'மெல்ல' எனச் சில சொற்களே போதும். வீட்டிலுள்ளார் அனைவரும் அச்சொற்களையே வழங்குதல் வேண்டும்.

மூன்றாவது உறுப்பைச் சிதைத்தல். அழகு கருதிச் செவியையும் வாலையும் அறுப்பாரும் உளர். வாலும் செவியும் நாய்க்கு வாய்த்த மொழி. அச்சமும் மகிழ்ச்சியும் களைப்பும் அவற்றாலேயே புலனாகும். அவற்றை அறுத்தோன், உடன் ஓடும் துணையின் பேச்சையே இழந்தவன் ஆவான்.

நான்காவது மிகைச்சுமை. உடன் ஓடும் நாய் மூட்டை சுமப்பதில்லையே எனலாம். அளவுக்கு மிஞ்சிய தொலைவே அதற்குச் சுமை. சிறுநாய்க்கு ஏறக்குறைய ஓராண்டு வரையிலும், பெருநாய்க்கு ஒன்றரை ஆண்டு வரையிலும் எலும்பின் முனைகள் வளர்ந்துகொண்டிருக்கும். அதுகாறும் மண்தரையில் விளையாட்டும் சிறு நடையுமே தகும். பின்னர் ஒரு நிமிடம் ஓட்டம், சில நிமிடம் நடை எனத் தொடங்கி, கிழமைதோறும் சிறிது சிறிதாகக் கூட்டலாம்; இடையிடையே ஓய்வுநாளும் வேண்டும். தலைவன் ஓடுமளவும் நாய் ஓடும். 'இயலாது' என அதன் வாய் சொல்லாது. பின்தங்குதலும் காலை நொண்டுதலுமே அது கூறும் மறுப்பு.

ஐந்தாவது உணவும் நீரும் மறுத்தல். மனிதனுக்கு மேனியெங்கும் வியர்க்கும். நாய்க்கோ அடிப்பாதத்தில் மட்டுமே சிறிது வியர்க்கும். நாவை நீட்டி இரைப்பதே அது வெப்பம் தணிக்கும் வழி. பாறைக்குன்றுகள் சூழ்ந்த செஞ்சி வட்டாரத்துக் கோடையில் நண்பகல் ஓட்டம் அதன் உயிரையே வாங்கும். ஆதலின் ஞாயிறு எழுமுன் ஓடுதல் வேண்டும். புறங்கையைத் தரையில் வைத்து ஏழு நொடி பொறுக்க இயலாவிடின், அத்தரை நாயின் பாதத்துக்கும் ஆகாது. நீரை வழியிலும் ஈதல் வேண்டும். வயிறு நிறைந்த உணவோ ஓட்டத்துக்குப் பின்னர், இரைப்பு அடங்கிய பிறகே தகும்.

அடங்காத இளநாய் பயனற்றது எனத் தள்ளுவோர், டோகோ என்னும் நாயின் வரலாற்றை அறிதல் நலம். பனி மூடிய அலாசுகாவில் செப்பாலா என்பார் வளர்த்த சறுக்குவண்டி நாய் அது. குட்டியில் நோயால் மெலிந்தது. தேறிய பின்னர் குறும்பால் அனைவரையும் அலைக்கழித்தது. ஆகாது என்று அதனைப் பிறர் இல்லத்துக்கு ஈந்தனர். அது சாளரக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு திரும்பி வந்தது. மற்ற நாய்களொடு வண்டியிற் பூட்டியவுடன் அதன் குறும்பு அடங்கியது. நாளடைவில் அதுவே அணியின் தலைமை ஏற்றது. 1925-இல் நோம் என்னும் ஊரிற் குழந்தைகளைத் தொண்டை அடைப்பான் நோய் வாட்டியபோது, மருந்தைக் கொணர நாய் வண்டிகள் தொடர் ஓட்டமாகச் சென்றன. பன்னிரண்டு வயதினதாகிய டோகோ அதில் மிக நீண்ட, இடர் மிகுந்த பகுதியைக் கடந்தது.

வீட்டையே அலைத்த வேகமும் ஊரைக் காத்த வேகமும் ஒன்றே. அதனை நெறிப்படுத்தும் பொறுமை மனிதனிடம் இருத்தல் வேண்டும். இளநாய் ஒன்றை வீட்டுக்குக் கொணரும் மாணவன், அதற்கு உணவிடும் கடமையொடு, நாள்தோறும் விடியலில் எழுந்து அதனுடன் ஓடும் கடமையையும் ஏற்றவன் ஆகின்றான்.