போஸ்டரில் போட்ட நம்பர்

11 நவம்பர் 2024, திங்கள்

தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்களில் பாதிப் பேர் இன்னும் திரும்பவில்லை. செக்கிங் டேபிளில் மூன்று பேர் செய்கிற வேலையை ஒருத்தி செய்கிறாள். திருப்பூர் ராயபுரத்தில் எந்தக் கரண்ட் கம்பத்தைப் பார்த்தாலும் டெய்லர் தேவை, செக்கிங் தேவை, கைமடி தேவை. அதில் எங்கள் போஸ்டரும் உண்டு. யூனிட் பெயரைவிட என் செல் நம்பர்தான் பெரிதாக இருக்கிறது. அப்படித்தான் அடிக்கச் சொன்னோம்.

போன வாரம் ஒருவன் "ஓவர்லாக் வேலை இருக்குங்ளா" என்று வாட்ஸ்ஆப்பில் கேட்டிருந்தான். இருக்கு, நேரில் வாங்க என்று பதில் போட்டேன். ஆள் வரவில்லை. இன்று காலை பத்தரைக்கு அதே நம்பரிலிருந்து, "சாப்டீங்ளா?"

12 நவம்பர், செவ்வாய்

"டிபில மஞ்சச் சேலை நல்லாருக்குங்க." பதில் போடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கோவமுங்ளா?" இரவு பதினொரு மணிக்கு, "தூங்கிட்டீங்ளா?"

என் படத்தை எடுத்துவிட்டு அவிநாசிக் கோயில் கோபுரத்தை வைத்தேன். வைத்த சூட்டோடு வந்தது: "சாமி படமா மாத்திட்டீங்ளே."

ஒவ்வொன்றாக எடுத்தால் இதில் எதையும் யாரிடமும் போய்ப் புகாராகச் சொல்ல முடியாது. சாப்பிட்டீங்களா என்று கேட்டதற்கா இவ்வளவு என்பார்கள். மொத்தமாக மேலிருந்து கீழே படித்தால்தான் அடிவயிறு பிசைகிறது.

14 நவம்பர், வியாழன்

ப்ளாக் செய்து, ரிப்போர்ட்டும் கொடுத்தேன். ரிப்போர்ட் கொடுத்தால் அவன் கடைசியாக அனுப்பிய ஐந்து மெசேஜ்கள் வாட்ஸ்ஆப் கம்பெனிக்குப் போகுமாம். சாயங்காலம் வேறு நம்பரிலிருந்து வந்தான். "ஏனுங்க ப்ளாக் பண்ணீட்டீங்க?"

பக்கத்து யூனிட் அக்கா கேட்டதும் சொன்னது, "வடக்கத்திப் பசங்களா இருக்கும் கண்ணு." இந்த ஊரில் எது தொலைந்தாலும் முதல் பழி அவர்கள் மேல்தான். இவனோ வார்த்தைக்கு வார்த்தை 'ங்' போடுகிற நம்ம பக்கத்து ஆள்.

தம்பி ஒரே வார்த்தையில் முடித்தான்: "நம்பர மாத்தீருக்கா." ஜிஎஸ்டி, பேங்க், ஆதார், கேஸ் புக்கிங் எல்லாம் இந்த நம்பரில். ஜாப் ஒர்க் தருகிற கம்பெனி மெர்ச்சண்டைசரிலிருந்து பீஸ் ஏற்றுகிற டெம்போக்காரர் வரை இதில்தான் கூப்பிடுகிறார்கள். அவன் அனுப்புவதற்கு நான் ஏன் மாற்ற வேண்டும்? தெரியாத நம்பர் அழைத்தால் மணி அடிக்காதபடி வைக்கும் வசதியும் வாட்ஸ்ஆப்பில் இருக்கிறது. எங்கள் தொழிலில் தெரியாத நம்பர்தான் சோறு.

1909-க்குச் சொல்லலாமே என்றார் வீட்டுக்காரர். அது லோன் வேண்டுமா, பிளாட் வேண்டுமா என்று வருகிற வியாபார மெசேஜுக்கு மட்டும். தனி ஆள் தொல்லை அந்தக் கணக்கில் வராது.

16 நவம்பர், சனி

சம்பளம் போட்டு முடிக்கும்போது மணி ஒன்பதரை. "சம்பள நாளு, டென்சனா இருப்பீங்க" என்று வந்திருந்தது. வாசலில் நின்று பார்க்கிறானோ என்று ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தேன். அப்புறம்தான் தோன்றியது, ஊருக்கே சனிக்கிழமைதானே சம்பளம்.

17 நவம்பர், ஞாயிறு

அண்ணியின் தங்கை வக்கீல். கறிக்குழம்பு வைத்துக் கூப்பிட்டேன். போனை வாங்கி ஒன்றுவிடாமல் படித்தாள். சிரிக்கவில்லை.

எரிச்சலூட்டும் மெசேஜுக்கென்றே முன்பு ஐடி சட்டத்தில் 66ஏ என்று ஒரு பிரிவு இருந்ததாம். எது எரிச்சல் என்பதற்கு வரையறை கிடையாது. மத்திய அமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகப் புதுச்சேரிக்காரர் ஒருவரை 2012-இல் கைது செய்தது அந்தப் பிரிவில்தான். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. "போனது நல்லதுக்குத்தான். உங்களுக்கு வேற இருக்குக்கா" என்றாள்.

அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவு. இந்த ஜூலையில் புதுச் சட்டம் வருமுன் இந்திய தண்டனைச் சட்டத்தில் 354டி என்று இருந்தது, 2013-இல் சேர்த்தது. ஒரு பெண் தனக்கு விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஒருவன் திரும்பத் திரும்பத் தொடர்புகொண்டால் குற்றம். முதல் முறை மூன்று வருஷம் வரை, மறுபடி செய்தால் ஐந்து வருஷம் வரை. முதல் முறைக்கு ஜாமீன் உண்டு. ஆணுக்கு இப்படித் தொல்லை வந்தால் இந்தப் பிரிவு உதவாது. அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

பதிலே போடாதே என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். இவள், ஒரே ஒரு பதில் இருக்க வேண்டும் என்கிறாள். நான் எழுதிக் காட்டினேன். அதில் 'தம்பி'யை அடித்தாள், 'தயவுசெய்து'வை அடித்தாள், 'தப்பா நினைச்சுக்காதீங்க'வையும் அடித்தாள். மிஞ்சியது இவ்வளவு: "வேலை சம்பந்தமில்லாமல் எனக்கு மெசேஜ் அனுப்பக் கூடாது. அனுப்பினால் போலீசில் புகார் கொடுப்பேன்."

கை கழுவும்போது ஒரு பழைய கேஸ் சொன்னாள். சென்னையில் ஒரு பெண். கல்யாணத்துக்குக் கேட்டு மறுக்கப்பட்டவன், அவள் பெயரிலேயே யாஹூ குழுவில் ஆபாசமாக எழுதி, போன் நம்பரையும் போட்டுவிட்டான். கண்டவனெல்லாம் கூப்பிட்டிருக்கிறான். 2004 பிப்ரவரியில் புகார், நவம்பர் 5-ஆம் தேதி எழும்பூர் நீதிமன்றம் தண்டனை கொடுத்துவிட்டது. இருபது வருஷத்துக்கு முன்னால், அதுவும் ஒன்பது மாசத்துக்குள். ஒரு பெண்ணின் நம்பர் வெளியே தெரிந்தால் அதுவே அழைப்பு என்று எடுத்துக்கொள்கிறவர்கள் அன்றைக்கும் வரிசையில் நின்றிருக்கிறார்கள்.

18 நவம்பர், திங்கள்

அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. "சும்மா பேசக் கூடாதுங்ளா?"

20 நவம்பர், புதன்

நம்பரும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பிரிண்ட் போட்டு, ஸ்டேஷனுக்குப் போனோம். போனில் எதையும் அழிக்கக் கூடாது என்று வக்கீல் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். கோர்ட்டுக்குப் போனால் பிரிண்ட் மட்டும் போதாது, புதிய சாட்சியச் சட்டப்படி அதற்குத் தனியாகச் சான்று வைக்க வேண்டுமாம்.

முன்னால் உட்கார்ந்திருந்தவர் நிமிராமலே, "ப்ளாக் பண்ணீருங்கம்மா" என்றார். உள்ளே பெண் எஸ்.ஐ. கேட்ட முதல் கேள்வி, "வேண்டாம்னு சொல்லிட்டீங்களா?" திங்கட்கிழமை மெசேஜைக் காட்டினேன். அதற்குக் கீழே வந்த பதில்களைப் படித்தார். மனு ஏற்றதற்கு சி.எஸ்.ஆர். ரசீது கையில் கிடைத்தது.

22 நவம்பர், வெள்ளி

வரச் சொன்னார்கள். அவனுக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயசு இருக்கும். பனியன் கம்பெனியில்தான் வேலை. இரண்டாவது நம்பர் கூட வேலை செய்கிற பையனுடையதாம். அப்பாவும் வந்திருந்தார். "பையனுக்குப் பொண்ணு பார்த்துட்டு இருக்கோமுங்க அம்மிணி, கேஸ் கீஸுன்னு வேண்டாமுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டபடியே நின்றார். மகன் தரையைப் பார்த்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னான்: "நீங்கதானுங்க மொதல்ல பதில் போட்டீங்க."

"வேலைக்குப் போட்டேன்" என்றேன். அவனுக்கு அந்த வித்தியாசம் புரிந்த மாதிரி தெரியவில்லை.

இனி தொடர்புகொள்ள மாட்டேன் என்று எழுதி வாங்கினார்கள். நகல் என்னிடம் இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். போட்டிருக்க வேண்டும் என்று வக்கீலுக்கு என்மேல் வருத்தம். அந்த அப்பாவுக்காக நான் இறங்கவில்லை. டிசம்பர் முதல் வாரம் டெலிவரி இருக்கிறது, கோர்ட் வாசலில் நிற்க ஆளில்லை. இன்னொரு மெசேஜ் வந்தால் நிற்பேன். எஸ்.ஐ.யிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.

26 நவம்பர், செவ்வாய்

பட்டன் போன் ஒன்றும் புது சிம்மும் வாங்கியாயிற்று. செக்கிங் டேபிள் டிராயரில் இருக்கும், ஷிப்ட் நேரத்தில் மட்டும் எடுப்போம். புதுப் போஸ்டரில் அந்த நம்பர். பழையதைக் கிழிக்கப் போன பையன், மழையில் பசை ஊறி லேசாக வந்துவிட்டது, காதர்பேட்டைப் பக்கம் மட்டும் பாக்கி என்றான்.

போன், சிம், போஸ்டர், ஒட்டுக்கூலி எல்லாம் என் செலவு. எழுதி வாங்கிய தாளில் இதையும் சேர்த்திருக்கலாம் என்று வக்கீல் போனில் சிரித்தாள். நான் பில்லை எல்லாம் அந்த நகலோடு சேர்த்துப் பின் அடித்து வைத்திருக்கிறேன்.